விசில் இல்லாத குக்கர்!

பரணிலிருந்து அந்தப் பித்தளை டப்பாவை இறக்கியதுமே மனைவி ஆரம்பித்தாள். ''எடைக்குப் போட்டாலாவது நாலு காசு வரும்!''

போடுவதா? அப்பாவின் ருக்மணி குக்கராயிற்றே! கல்யாணத்துக்கு முன் ரூம் எடுத்துத் தங்கியபோது அவருக்குச் சோறு போட்டது அதுதான். அடியில் கரி நெருப்பு, மேலே தண்ணீர், அடுக்குகளில் அரிசி, பருப்பு, காய். 1910-ல் கல்கத்தா டாக்டர் இந்துமாதவ் மல்லிக் கண்டுபிடித்த 'இக்மிக் குக்கரும்' இதே பாணிதான்.

உள்பக்கம் ஈயம் போயிருந்தது. பூசுகிறவரைத் தேடிப் பிடிக்கவே மூன்று வாரம்! நவச்சாரம் தூவிப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தார்... பளபளவென்று ஆகிவிட்டது.

அடுத்த பிரச்னை, நெருப்பு. மூடிய ஃப்ளாட்டில் கரி போட்டால் கார்பன் மோனாக்ஸைடு ஆளையே முடித்துவிடும். இண்டக்ஷன் அடுப்போ பித்தளையைச் சீண்டவே இல்லை. கடைசியில் கரித்தட்டைக் கழற்றிவிட்டு, ஹாட் பிளேட்டில் உட்கார வைத்தேன்.

பிரஷர் குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரி. இதில் வெறும் 100 டிகிரி ஆவிதான். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ''இன்னுமா ஆகலை?'' என்று மனைவிதான் ஏழு விசில் கொடுத்தாள்!

அப்பா போனதிலிருந்து ஒரு கரண்டி சாதத்தோடு எழுந்துவிடும் அம்மா, அன்று பருப்புசாதத்தை வாயில் வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தட்டை நீட்டினாள்.

''இன்னும் கொஞ்சம் போடுடா... உங்கப்பா கைமணம்!''

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் விசில் சத்தமே கிடையாது. மனைவியும் அடிப்பதில்லை!