தோள் வலி: எலும்பைச் சொடுக்கினால் தீருமா?

ஓசூரில் பொழுது விடியுமுன்பே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று பலவகைச் சாமான்களைச் செய்து அனுப்பும் ஊராக அது வளர்ந்துவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கிரானைட் அறுப்பும் மாங்கூழ்த் தொழிற்சாலைகளும் நடைபெறுகின்றன. இத்தொழில்கள் எல்லாவற்றுக்கும் மூலதனமாக இருப்பது தொழிலாளியின் கை. அந்தக் கைக்கு ஆதாரம் தோள்.

தோளில் வலி கண்டுவிட்டால் பிழைப்பே ஆட்டங்கண்டுவிடுகிறது. தலைக்கு மேல் கையைத் தூக்கி ஸ்பானரைத் திருப்ப முடியாதவனுக்கு ஓவர்டைம் கிடையாது. ஒப்பந்தக் கூலியாக இருந்தால் வேலையே போய்விடலாம். ஆகவே, சீக்கிரம் குணமாக வேண்டும் என்ற அவசரத்தில் யார் எதைச் சொன்னாலும் செய்து பார்க்கத் தோன்றுகிறது. எண்ணெய் தேய்ப்பு, புத்தூர் கட்டு, வர்மம் ஆகியவை பழகிப்போனவை. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. எல்லை தாண்டி 40 கிலோ மீட்டர் போனால் பெங்களூரு; அங்கே ‘கைரோபிராக்டிக்’ நிலையங்கள் இருக்கின்றன. கழுத்தையும் முதுகையும் ஒரே திருப்பில் ‘படக்’ என்று சொடுக்கி எடுக்கும் காட்சிகளைச் செல்போனில் பார்க்காதவர் இல்லை. தோள் வலிக்கு அந்தச் சொடுக்கு உதவுமா என்பதே கேள்வி.

தோளின் அமைப்பு

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவார்கள் அல்லவா? தோள் மூட்டும் ஏறக்குறைய அப்படித்தான். மேற்கை எலும்பின் உருண்டையான தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத குழியில் பொருந்தியிருக்கிறது. குழி ஆழமில்லாததால்தான் உடம்பின் வேறெந்த மூட்டையும் விட அதிகமாக அதைச் சுழற்ற முடிகிறது. பழம் கீழே விழாமல் பிடித்துக்கொள்பவை நான்கு தசைகளும் அவற்றின் தசைநார்களும். சுற்றிலும் ஓர் உறை இருக்கிறது.

நாள்பட்ட தோள் வலி பெரும்பாலும் மூன்று விதமாக வருகிறது. முதலாவது, தசைநார் நைந்து போவது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது பாதி வழியில் சுரீர் என்று வலிக்கும். பிறர் தாங்கித் தூக்கினால் கை பெரும்பாலும் மேலே போய்விடும். தலைக்கு மேல் கை வைத்து நாள் முழுதும் செய்யும் வேலை இதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது, மூட்டின் உறையே தடித்து இறுகிவிடுவது. சித்த வைத்தியத்தில் இதற்கொத்த உபாதையைக் கும்பவாதம் என்பார்கள். 1934-ல் பாஸ்டன் நகரச் சர்ஜன் எர்னஸ்ட் காட்மன் இதற்கு ‘உறைந்த தோள்’ என்று பெயரிட்டார். தானாகவும் கையைத் தூக்க முடியாது. பிறர் தூக்கினாலும் வராது. தலை வாருவதும், முதுகுப்புறம் கையைக் கொண்டு போவதும் பெரும்பாடாகிவிடும். 40 முதல் 60 வயதுக்குள் இது அதிகம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம்.

மூன்றாவது, வலி தோளில் தெரிந்தாலும் நோய் வேறிடத்தில் இருப்பது. கழுத்து எலும்புகளுக்கிடையே நரம்பு நசுங்கினால் வலி தோள் வழியாக இறங்கி விரல்கள் மரத்துப்போகும். மாடிப்படி ஏறும்போது இடது தோளில் வலியும் நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், அது இருதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். அப்போது யாரிடமும் தோளைக் காட்டிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கைவைத்தியத்தின் கதை

கைரோபிராக்டிக் பிறந்தது அமெரிக்காவில். அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், முன்பு மளிகைக் கடை வைத்திருந்து பிறகு காந்த வைத்தியரான டேனியல் டேவிட் பால்மர் என்பவர், 1895-ல் காது மந்தமான ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்து காது கேட்கச் செய்ததாகக் கூறினார். முதுகெலும்பு இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. இன்றைய மருத்துவ விஞ்ஞானம் அதை ஏற்கவில்லை. எனினும், இடுப்பு வலிக்கு முதுகைத் திருப்பும் முறை ஓரளவு பயன் தருவதாக ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது. தோள் வலிக்கு அத்தகைய பலமான ஆதாரம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் இத்தொழிலுக்குப் பல ஆண்டுப் படிப்பும் லைசென்ஸும் கட்டாயம். நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டக் கவுன்சில் கிடையாது. ஆகையால் பலகையை மட்டும் பார்த்துப் போகாமல், வைத்தியரின் படிப்பையும் பதிவையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சத்தம்தான் என்ன? எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் ஓசை என்று பலர் நம்புகிறார்கள். விஷயம் அதுவல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு வெற்றிடம் உண்டாகும் ஓசை அது. 2015-ல் கனடாவில் விரல் மூட்டைச் சொடுக்கும்போது எம்.ஆர்.ஐ. படம் எடுத்து இதைக் கண்டார்கள். சத்தம் கேட்டது என்பதற்காக நோய் தீர்ந்தது என்று கொள்வதற்கில்லை. கழுத்தை வேகமாகத் திருப்புவதில் ஓர் அபாயமும் உண்டு. மிக அபூர்வமாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

மெதுவாகத் தீரும் வலி

உறைந்த தோள் இளகுவதற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். பிரிட்டனில் இந்நோய் கண்ட 503 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஊசியும் பிசியோதெரபியும்; இன்னொன்றுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கையைத் திருப்புதல்; மற்றொன்றுக்கு ஆபரேஷன். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது எந்தப் பிரிவும் மற்றவற்றைப் பெரிதாக மிஞ்சவில்லை. தசைநார் வலியுள்ள 708 பேரைச் சோதித்து 2021-ல் வெளியான முடிவு இன்னும் விசேஷமானது. பிசியோதெரபி நிபுணரிடம் ஆறு முறை வரை போனவர்களும், ஒரே முறை போய்ப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்தார்கள். கையில் காசில்லாத தொழிலாளிக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேண்டுமா?

காட்மனின் பெயரால் வழங்கும் பயிற்சி ஒன்று மிக எளியது. நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்த்தித் தொங்கவிட வேண்டும். உடம்பை லேசாக அசைத்து, அந்தக் கையைக் கடிகாரப் பெண்டுலம் போல முன்னும் பின்னும், பிறகு சிறு வட்டமாகவும் ஆடவிட வேண்டும். இன்னொன்று, சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு ஊர்வது போல மேலே ஏற்றுவது. எது தமக்கு உகந்தது என்பதை டாக்டரிடம் ஒரு முறை கேட்டுத் தொடங்குவது நல்லது. வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருப்பதுதான் கெடுதல்.

அருகிலேயே உள்ள உதவி

வீடு தேடிப் போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் தருவதோடு, தேவைப்பட்டோருக்குப் பிசியோதெரபியும் அளிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. ஓசூரில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ.க்காகப் பிடித்தம் இருந்தால், அங்கே சிகிச்சை பெறுவது தொழிலாளியின் உரிமை, தர்மமல்ல. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின்படி, டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், உரிய சந்தா கட்டியவருக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க வழி செய்யப்பட்டது. லீவு போட்டால் அடுப்பு எரியாதே என்று வலியை மறைத்துக்கொண்டு உழைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழிற்சாலை நிர்வாகத்துக்கும் இதில் பங்குண்டு. ஆள் நிற்கும் மேடையைச் சற்று உயர்த்தினாலோ, தொங்கும் கருவியைத் தோள் மட்டத்துக்கு இறக்கினாலோ, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை ஆளை வேலை மாற்றினாலோ பல தோள்கள் பிழைக்கும்.

தோள் வலி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். எந்த வகை வலி என்று தெரிந்த பிறகு சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது எளிது. தெரியாத நோய்க்குக் கொடுக்கும் சொடுக்கில் சத்தம் வரலாம். சுகம் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.