மனச்சோர்வுக்கு எந்த மருந்து நல்லது?

நித்திரை வருவதில்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, தோட்டத்திற்குப் போக மனமில்லை, உயிரோடிருந்து என்ன பயன் என்ற எண்ணம். இவை நாள்தோறும் இரண்டு கிழமைகளுக்கு மேல் நீடித்தால் அது சோம்பலுமல்ல, செய்வினையுமல்ல. மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். நோய் கடுமையாகும்போது ஆறுதல் வார்த்தையோடு மருந்தும் தேவைப்படும்.

மருந்துகள் பல உள்ளன. இவற்றுள் எது சிறந்தது?

2018ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் இது பற்றிய பெரிய ஒப்பீடு ஒன்று வெளியாயிற்று. 21 மருந்துகள் பற்றிய 522 பரிசோதனைகளை அது ஆராய்ந்தது. அவற்றில் பங்குபற்றிய வளர்ந்தோர் 1,16,477 பேர். 21 மருந்துகளும் வெற்றுக் குளிசையைவிடக் கூடிய பயன் தந்தன. எனினும் மருந்துகளுக்கிடையேயான வேறுபாடு பெரிதல்ல. பெரும்பாலான பரிசோதனைகள் ஏறத்தாழ எட்டுக் கிழமைகளே நடந்தவை என்பதையும் நாம் மனதிற்கொள்ள வேண்டும்.

பயனில் முன்னின்றது 1960களிலிருந்து பாவனையிலுள்ள அமிற்றிப்ரிலின். ஆனால் வாய் உலர்தல், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம், எழும்பும்போது தலைச்சுற்று என்பன இதனால் ஏற்படலாம். அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத்தைத் தாக்கி உயிரையே பறிக்கும். 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளுவொக்செற்றீன் பயனில் சற்றுப் பின்னின்றாலும், அதை இடையில் கைவிட்டோர் குறைவு. குமட்டல், தலையிடி, நித்திரைக் குறைவு என்பன அதன் தொல்லைகள். எஸ்சிற்றலோபிராம் பயன், தாங்கும் தன்மை இரண்டிலும் நல்ல இடம் பெற்றது.

ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரே மருந்து இல்லை. இதய நோயுள்ள முதியவருக்கும், தற்கொலை எண்ணமுள்ளவருக்கும், பாலூட்டும் தாய்க்கும் வைத்தியர் வெவ்வேறு மருந்தைத் தெரியக்கூடும். அயலவருக்குச் சுகம் தந்த குளிசையை வாங்கி விழுங்குவது ஆபத்தானது.

நாம் நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. தொல்லைகள் முதல் நாட்களிலேயே தோன்றும். பயன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமைகள் செல்லும். இந்த இடைவெளியிலேயே பலர் மருந்தைக் கைவிடுகின்றனர்.

2. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், முதல் மருந்தினால் முழுச் சுகம் கண்டோர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே. முதல் மருந்து பலிக்காவிடில் வைத்தியரிடம் சொல்லி வேறொன்றை முயலலாம்.

3. சுகம் கண்டபின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். திடீரென நிறுத்தலாகாது, வைத்தியரின் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

4. தொடக்கத்தில், சிறப்பாக இளவயதினரிடம், அமைதியின்மையோ சாகும் எண்ணமோ கூடினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். குளிசைகளை வீட்டார் ஒருவர் தம் பொறுப்பில் வைத்து வேளைக்கு வேளை கொடுப்பது நல்லது.

மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு அல்ல. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரை நாம் குறை கூறுவதில்லையே. நோயுற்றவருக்காகச் செபிப்போம், கிளினிக் நாளில் அவரோடு கூடப் போகவும் செய்வோம்.