பி.எச்டி. படிக்கும் பிள்ளைக்கு அடுத்த நிலையம் எது?

நம் சங்க அன்பர்கள் சந்திக்கும்போது அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "பொண்ணு பி.எச்டி. சேர்ந்து நாலு வருஷமாச்சு. எப்போ முடியும்? முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?" பிராட்வேயிலும் மட்டாஞ்சேரியிலும் கடை வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய பெற்றோருக்கு இந்தக் கவலை நியாயமானதே. மருத்துவம் படித்தவர் என்ன செய்வார் என்பது ஊருக்கே தெரியும். அறிவியலில் ஆராய்ச்சி செய்தவர் என்ன செய்வார் என்பது பல வேளைகளில் அந்த மாணவருக்கே தெரிவதில்லை.

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்த என் போன்றவர்களுக்கு, அடுத்த பதவி எது, அதற்கு அடுத்தது எது என்பது சேர்ந்த நாளிலேயே தெரிந்துவிடும். சீனியாரிட்டி பட்டியல் ஒன்று இருக்கும். ஆராய்ச்சி மாணவருக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. பாதையை அவரேதான் தேட வேண்டும். அந்தத் தேடலைப் பட்டம் வாங்கிய மறுநாள் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

காலமும் பணமும்

முதலில் கணக்கைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, பி.எச்டி.க்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. மகப்பேறு விடுப்பாக 240 நாட்கள் வரை பெறலாம். ஆகவே, "கல்யாணமா, படிப்பா?" என்று பெண்ணை நெருக்க வேண்டிய தேவை இல்லை.

தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாத உதவித்தொகை 37,000 ரூபாயாகவும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் இந்தத் தொகை மொத்தம் 5 ஆண்டுகளுக்கே. படிப்பு 6-ஆம் ஆண்டுக்குள் நுழைந்தால் உதவித்தொகை நின்றுபோகும். ஜே.ஆர்.எஃப். இல்லாமல் பல்கலைக்கழக உதவியில் படிப்பவர்களுக்குத் தொகை இதைவிடக் குறைவு. குடும்பம் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

"முடித்தால் கல்லூரிப் பேராசிரியர்தானே!" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023-இல் மானியக் குழு செய்த திருத்தத்தில், உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் போன்ற தேர்வுகளே குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. கட்டாயமில்லை என்று வைத்தது. பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

அன்னா மணி காட்டிய வழி

ஆராய்ச்சி ஒரு துறையில், வாழ்க்கை இன்னொரு துறையில் என்றால் படித்தது வீணா? இதற்கு விடையாக ஒரு பெண்மணியின் வரலாறே இருக்கிறது. அன்னா மணி 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி வெளியிடுகின்றன, உட்கொள்கின்றன என்று அளந்து 5 கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது.

அவர் ஓய்ந்துவிடவில்லை. இங்கிலாந்து செல்ல அரசு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிக்கு மட்டும். வைரத்தை விட்டுவிட்டு அதை ஏற்றுக்கொண்டார். 1948-இல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு வந்த கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வேண்டுமென்று, ஏறக்குறைய 100 கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். சூரிய வெப்பத்தை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்ற பின்னும், சூரியக் கதிர்வீச்சு பற்றி அவர் தொகுத்த நூல்கள் 1980-இலும் 1981-இலும் வெளிவந்தன.

அவரை வானிலைத் துறையில் உயர்த்தியது வைரம் பற்றிய தகவல்கள் அல்ல. நுட்பமாக அளக்கவும், பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவும், கண்டதை ஒழுங்காக எழுதவும் பழகிய பழக்கம். தலைப்பு மாறலாம், கைத்தொழில் கூடவே வரும்.

நம் வாசலிலேயே

கொச்சியில் இருப்பவர்கள் ஒரு வகையில் கொடுத்து வைத்தவர்கள். 1947-இல் தொடங்கி, நெடுங்காலம் நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் இயங்கி, 1971-இல் இங்கே வந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பிராட்வேக்கு அதிக தூரமில்லை. மீன் பதனிடும் தொழில்நுட்பத்துக்கான மத்திய நிலையம் வெலிங்டன் தீவில் உள்ளது. இவ்விரண்டிலும் விஞ்ஞானியாகச் சேர ஏ.ஆர்.எஸ். என்ற தேர்வு உண்டு. வயது வரம்பும் உண்டு என்பதால் கடைசி ஆண்டுவரை காத்திருக்கலாகாது. திருக்காக்கரையில் கடற்படைக்கான ஆய்வுக்கூடம் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியிலும் வேலை உண்டு. கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும் நறுமணப் பொருள் வாரியமும் கொச்சியைத் தலைமையகமாகக் கொண்டவை. ஏற்றுமதியாகும் இறாலில் மருந்து எச்சம் உண்டா, மிளகாய்த் தூளில் கலப்படச் சாயம் உண்டா என்று சோதிக்க வேதியியலும் நுண்ணுயிரியலும் அறிந்தவர்கள் தேவை. அறிவியல் பட்டதாரிகள் காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். மருந்து நிறுவனங்கள், கருவி விற்கும் நிறுவனங்கள், அறிவியல் எழுத்து என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

மாணவர் செய்யக் கூடியவை

முதல் ஆண்டில், தம் துறையில் முன்பு பட்டம் பெற்ற பத்துப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வைக்கலாம். நெறியாளருக்கே அதில் பாதி தெரிந்திருக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில், ஆய்வேட்டுக்கு வெளியிலும் பயன்படக்கூடிய ஒரு கருவியையோ கணக்கீட்டு முறையையோ பிறர் துணையின்றிக் கையாளும் அளவுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும். நான்காம் ஆண்டில், விரும்பும் வேலையில் இருப்பவர் ஒருவரையாவது நேரில் கண்டு, அந்த வேலையில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்க வேண்டும். கல்லூரிக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் முதலில் வரட்டும். தொழிற்சாலைக்கு அனுப்புவதில் என்னென்ன செய்யத் தெரியும் என்பது முதலில் வரட்டும். தம் ஆராய்ச்சியைப் பிராட்வே கடைக்காரருக்குப் புரியும்படி ஐந்து நிமிடத்தில் தமிழில் சொல்லிப் பழகுவதும் நேர்முகத் தேர்வுக்கு நல்ல பயிற்சி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆராய்ச்சியில் சோதனை பலமுறை தோற்றுத்தான் ஒருமுறை பலிக்கும். வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் "எப்போது முடியும்?" என்று கேட்பதைவிட, "புதிதாக என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லப் பழகும் பிள்ளை, வேலை தருபவரிடமும் அதையே தெளிவாகச் சொல்லும். நம் சங்கத்தில் இத்தகைய நிலையங்களில் பணிபுரியும் அன்பர்கள், ஆராய்ச்சி மாணவர்களுக்காக மாதம் ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கினால், அது பல குடும்பங்களின் கவலையைக் குறைக்கும்.