பின்னம்னா பயமா? ஒப்பிட்டுலயே இருக்கு கணக்கு!

‘1/4 பெரியதா, 1/8 பெரியதா?’ என்று நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். ‘4-ஐ விட 8 பெரியது, அதனால் 1/8’ என்று பல குழந்தைகள் சொல்வார்கள். இந்தக் குழப்பத்தை அப்படியே விட்டால் தசமம், சதவிகிதம், வட்டிக் கணக்கு எல்லாமே பின்னால் பயமுறுத்தும். சத்தியமங்கலம் வட்டாரத்து வீடுகளில் இதைத் தீர்க்க டியூஷனே வேண்டாம்!

ஒப்பிட்டு பங்கு

ஒரே அளவில் இரண்டு ஒப்பிட்டு சுடுங்கள். ஒன்றை 4 துண்டாகவும், மற்றதை 8 துண்டாகவும் வெட்டி, ‘எந்தத் துண்டு வேணும் கண்ணு?’ என்று கேளுங்கள். பங்கு கூடினால் துண்டு சிறுக்கும் என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவர் வெட்ட, மற்றவர் முதலில் எடுக்கட்டும். சமபாகம் என்றால் என்ன என்று தானாகப் புரியும்.

பாட்டியின் படி

பரணில் பழைய படி இருந்தால் இறக்குங்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. அப்படியென்றால் ஆழாக்கு, படியில் 1/8. அரிசியை அளந்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

1/2 + 1/4 = 2/6 என்று எழுதுகிறார்களா? ஓர் உரி அரிசியோடு ஓர் உழக்கைச் சேர்க்கச் சொல்லுங்கள். முக்கால் படி வரும். 2/6 என்பது அரையை விடவும் குறைவு. அரையோடு சேர்த்த பிறகு எப்படிக் குறையும்?

திம்பம் மலைப்பாதை

பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். 9-வது வளைவில் ‘எத்தனை பங்கு ஏறியாச்சு?’ என்று கேளுங்கள். 9/27, அதாவது மூன்றில் ஒரு பங்கு. 18-வதில்? மூன்றில் இரண்டு!

கதை நேரம்

24 பக்கக் கதைப் புத்தகத்தில் 6 பக்கம் படித்தால் கால் பங்கு முடிந்தது. மீதி முக்கால். சமையல் குறிப்பைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, 4 பேருக்கான அளவை 2 பேருக்கு மாற்றச் சொல்லலாம்.

தமிழிலேயே இருக்கு

அரைக்கால் என்றால் காலில் பாதி, 1/8. அதில் பாதி வீசம், 1/16. திண்ணைப் பள்ளிகளில் முந்திரி, அதாவது 1/320 வரை பிள்ளைகள் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள். ‘எப்படிச் சொன்னே?’ என்று கேளுங்கள். எங்கே குழம்பியது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.