தானுந்து முகப்பு விளக்கு மேம்பாடு

தானுந்து முகப்பு விளக்கு மேம்பாடு என்பது, தானுந்தைத் தயாரித்த நிறுவனம் பொருத்திய முகப்பு விளக்கையோ அதன் பல்பையோ நீக்கி, வெளிச்சந்தையில் கிடைக்கும் வேறொன்றைப் பொருத்துவதாகும். விரைவாக ஓட்டப்படும் விளையாட்டுத் தானுந்துகளின் உரிமையாளர்களிடையே இவ்வழக்கம் பரவலாக உள்ளது. கூடுதல் ஒளி கிடைத்தால் கூடுதல் தொலைவு தெரியும் என்பது பொதுவான எண்ணம். தாழ்கற்றையைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் பொருந்துவதில்லை. தாழ்கற்றை எட்டும் தொலைவை ஒளியின் அளவை விட விளக்கின் உயரமும் கற்றையின் சாய்வுமே முடிவு செய்கின்றன.

தாழ்கற்றையும் உயர்கற்றையும்

முகப்பு விளக்கு இருவகைக் கற்றைகளைத் தருகிறது. பேச்சு வழக்கில் 'டிம்' எனப்படுவது தாழ்கற்றை. 'பிரைட்' எனப்படுவது உயர்கற்றை. உயர்கற்றை நேராகத் தொலைவை நோக்கிச் செல்லும். தாழ்கற்றையின் மேற்பகுதி ஒரு கோட்டில் வெட்டப்பட்டிருக்கும். இது வெட்டுக்கோடு எனப்படும். எதிரே வருபவரின் கண்களில் ஒளி படாமல் காப்பது இக்கோடே ஆகும்.

இந்தியாவில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஆகவே இங்குப் பயன்படும் ஐரோப்பிய முறை விளக்குகளில் வெட்டுக்கோடு வலப்பக்கம் கிடைமட்டமாகவும் இடப்பக்கம் சற்று மேல்நோக்கி உயர்ந்தும் இருக்கும். இதனால் இடப்புறச் சாலையோரமும் அங்கு நடப்போரும் தெரிவர். வலப்புறம் எதிரே வருபவருக்குக் கண் கூசாது.

ஒளி எட்டும் தொலைவு

தாழ்கற்றை 100 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம், அதாவது 1 விழுக்காடு, கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் வெட்டுக்கோடு 90 மீட்டரில் தரையைத் தொடும். விளையாட்டுத் தானுந்தின் முன்பகுதி தாழ்ந்தது. அதன் விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கோடு 65 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். சுருள்வில்லை மாற்றி வண்டியை மேலும் தாழ்த்தினால் இத்தொலைவு இன்னும் குறையும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் தடையை உணர்ந்து பிரேக்கை மிதிக்க 1.5 நொடி ஆகும் எனக் கொண்டால் 33 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த சாலையில் நன்கு பிரேக் பிடித்தாலும் நிற்க மேலும் 35 மீட்டர் தேவைப்படும். மொத்தம் 68 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இது ஏறத்தாழ 97 மீட்டர் ஆகும். மேற்கூறிய தாழ்ந்த தானுந்தில் இரு மடங்கு ஒளி தரும் பல்பைப் பொருத்தினாலும் வெட்டுக்கோடு 65 மீட்டரிலேயே நிற்கும். அருகிலுள்ள சாலை மட்டும் மிகுந்த வெளிச்சமாகத் தெரியும். அவ்வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்குத் தொலைவிலுள்ள இருள் மேலும் இருண்டதாகத் தோன்றும். கோட்டை மேலே உயர்த்தினால் தொலைவு தெரியும்; ஆனால் எதிரே வருபவரின் பார்வை பறிபோகும்.

ஓமலூர்ப் பகுதிச் சாலைகள்

சேலம் மாவட்டத்திலுள்ள ஓமலூர் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 44 செல்கிறது. இது 2010ஆம் ஆண்டின் எண் மாற்றத்துக்கு முன் தேசிய நெடுஞ்சாலை 7 எனப்பட்டது. ஊருக்கு வடக்கே, தருமபுரி மாவட்டத்தில், விபத்துகளுக்குப் பெயர்பெற்ற தொப்பூர் மலைப்பாதை உள்ளது. லாரித் தொழிலில் சிறந்த நாமக்கல், சங்ககிரி ஆகிய ஊர்களும் இவ்வட்டாரத்திலேயே உள்ளதால் இரவில் லாரிப் போக்குவரத்து மிகுதி.

நடுத்தடுப்பும் அதில் வளர்ந்த அரளிச் செடிகளும் உள்ள நெடுஞ்சாலையில் எதிரொளி ஓரளவு தடுக்கப்படுகிறது. நடுத்தடுப்பு இல்லாத கிளைச் சாலைகளில் அப்பாதுகாப்பு இல்லை. அங்கு மரவள்ளிக்கிழங்கோ கரும்போ ஏற்றிய டிராக்டர், பின்விளக்கு இன்றி முன்னே செல்லக்கூடும். கண் கூசிய ஓட்டுநருக்கு அதுவோ, ஓரமாக மிதிவண்டியில் செல்பவரோ சில நொடிகளுக்குத் தெரியாமல் போகலாம். ஒருவர் தம் வண்டிக்குத் தெரிவு செய்யும் விளக்கு, அவரை ஒருபோதும் அறியாத மற்றொருவரின் உயிரையும் பாதிக்கிறது.

ஒளிமூல வகைகள்

* ஆலசன்: எச்4 வகைப் பல்பு 60/55 வாட் திறனுடையது, உயர்கற்றையில் ஏறத்தாழ 1650 லூமென், தாழ்கற்றையில் 1000 லூமென் ஒளி தரும். கடைகளில் கிடைக்கும் 100/90 வாட் பல்புகள் இத்தர அளவுக்குள் அடங்கா. அவை கூடுதல் மின்னோட்டத்தை இழுப்பதால் வயரும் இணைப்பியும் சூடாகி உருகக்கூடும்.
* செனான்: 35 வாட்டில் ஏறத்தாழ 3200 லூமென் தரும். 1991ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 7 வரிசைத் தானுந்தில் அறிமுகமானது.
* எல்.இ.டி.: 2007ஆம் ஆண்டு லெக்சசு எல்.எசு. 600எச் தானுந்தின் தாழ்கற்றையில் இடம்பெற்றது. அதன்பின் ஆடி ஆர்8 என்ற விளையாட்டுத் தானுந்தின் முகப்பு விளக்கு முழுவதும் எல்.இ.டி.யால் அமைந்தது.

ஆலசனுக்காக வடிவமைத்த எதிரொளிப்பான், மிகச்சிறிய கம்பிச்சுருளின் இடத்தையும் வடிவத்தையும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அதனுள் செனான் அல்லது எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி பிறக்கும் இடம் மாறுபட்டு, வெட்டுக்கோடு சிதறிவிடும். செருமனியில் 2020ஆம் ஆண்டு முதல் சில மாற்று எல்.இ.டி. பல்புகளுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. அதுவும் சோதிக்கப்பட்ட குறிப்பிட்ட வாகன வகைகளுக்கு மட்டுமே.

தெரிவு செய்யும் முறை

விளக்கை மாற்றுவதற்கு முன் பழைய விளக்கின் குறைகளை நீக்குவது நன்று.

* பாலிகார்பனேட்டு முன்மூடி வெயிலில் மஞ்சளித்து மங்கியிருந்தால் மெருகேற்றலாம் அல்லது மாற்றலாம்.
* பல்புக்குச் செல்லும் மின்னழுத்தத்தை அளக்கலாம். அது 10 விழுக்காடு குறைந்தால் ஆலசன் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். தடித்த வயரும் ரிலேயும் பொருத்தினால் இக்குறை தீரும்.
* விளக்கின் சாய்வைச் சரிபார்க்கலாம். சமதளத்தில், டயரில் சரியான காற்றுடன், ஓட்டுநர் அமர்ந்த நிலையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்த வேண்டும். 1 விழுக்காடு சாய்வுக்கு, வெட்டுக்கோடு விளக்கின் நடு உயரத்தை விட 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

இவற்றுக்குப் பின்னும் ஒளி போதாவிடில் பல்பை மட்டும் மாற்றாமல், ஒளிமூலமும் எதிரொளிப்பானும் ஒன்றாக வடிவமைக்கப்பட்ட முழு விளக்குத் தொகுதியைத் தெரிவு செய்வது சிறந்தது. பழைய விளையாட்டுத் தானுந்துகள் பலவற்றில் உள்ள 7 அங்குல வட்ட விளக்கு, அம்பாசடர் வண்டியிலும் பயன்பட்டதால் அதற்கான எச்4 தொகுதிகள் எளிதில் கிடைக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது முன்மூடியில் உள்ள குறியைக் கவனித்தல் வேண்டும். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தால் அது ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணைய விதிப்படி ஒப்புதல் பெற்றது. விளக்கைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி, அது இடப்புறப் போக்குவரத்துக்கு உரியது எனக் காட்டும். அம்புக்குறியே இல்லாதது வலப்புறப் போக்குவரத்துக்கு உரியது. இந்தியச் சாலையில் அது எதிரே வருபவரின் கண்ணுக்கே ஒளியை உயர்த்தும். இங்கிலாந்து, யப்பான் சந்தைகளுக்கான விளக்குகள் இவ்வகையில் பொருந்தும்.

சட்ட நிலை

நடுவண் மோட்டார் வாகன விதிகள், 1989இன் 106ஆம் விதிப்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னும் 0.5 மீட்டர் வலப்புறமும் 1.5 மீட்டர் உயரத்திலும் உள்ள கண் கூசாதவாறு கற்றை தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட 182அ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

இவற்றையும் பார்க்க

* ஆலசன் விளக்கு
* ஒளியுமிழ் இருமுனையம்
* தேசிய நெடுஞ்சாலை 44
* தொப்பூர்