கணிப்பொறியியல் இடமும் விருப்பப் பட்டியலும்

பொறியியல் கல்வியில் சேரும் இந்திய மாணவர், பயிலப்போகும் நிறுவனத்தையும் துறையையும் சேர்க்கையின்போதே ஒருசேர முடிவு செய்தாக வேண்டும். பதினேழு, பதினெட்டு வயதில் செய்யும் இம்முடிவைப் பின்னர் மாற்றிக்கொள்வது அரிது. முதலாண்டு மதிப்பெண்ணை வைத்துத் துறை மாற அனுமதிக்கும் வழக்கம் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் (ஐ.ஐ.டி.) நெடுநாள் இருந்து வந்தது. அது முதலாண்டு வகுப்பையே மற்றொரு போட்டித் தேர்வாக்கிவிடுவதாக எழுந்த குறையை அடுத்து, சில ஐ.ஐ.டி.கள் அண்மை ஆண்டுகளில் அவ்வழியை அடைத்துவிட்டன. ஆகவே அங்கெல்லாம் கணிப்பொறியியல் பயில விரும்புவோருக்கு நேரடிச் சேர்க்கை ஒன்றே வாயிலாகும்.

அவ்வாயில் எவ்வளவு குறுகியது என்பதற்கு 2024-ஆம் ஆண்டின் நிலையைக் காணலாம். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் இரு தாள்களையும் அவ்வாண்டு எழுதியோர் சுமார் 1,80,000 பேர். தகுதி பெற்றோர் 48,248 பேர். 23 ஐ.ஐ.டி.களிலும் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து இருந்த இடங்களோ 18,000-க்கும் குறைவு. இவற்றில் கணிப்பொறியியல் ஒரு பகுதியே. பம்பாய் ஐ.ஐ.டி.யின் கணிப்பொறியியல் பொதுப்பிரிவு இடங்கள் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் முதல் 70 தரவரிசைக்குள்ளாகவே நிரம்பிவிட்டன.

இத்துறைக்கு எப்போதும் இப்படியொரு கதவு இருந்ததில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1963-இல் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி நிறுவப்பட்டபோது கணிப்பொறியியல் என்ற இளநிலைப் பட்டமே அங்கில்லை. பிற துறைகளில் பயின்றோரே பின்னர் இதற்கு வந்து சேர்ந்தனர். மின்பொறியியல் பட்டம் பெற்றபின் கான்பூரில் முதுநிலை முடித்த நாராயண மூர்த்தி இத்தகையோருள் ஒருவர். அமெரிக்காவிலும் பல பல்கலைக்கழகங்களில் மாணவர் முதலில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் துறையைத் தெரிவு செய்வதே மரபு. எனினும் கணிப்பொறித் துறையில் கூட்டம் பெருகியதால், வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்றவை அத்துறைக்கு மட்டும் தொடக்கத்திலேயே நேரடியாக மாணவரைத் தெரிந்தெடுக்கத் தலைப்பட்டுள்ளன.

இடங்கள் பங்கிடப்படும் விதம்

2015-க்கு முன் ஐ.ஐ.டி.களும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களும் தனித்தனியே கலந்தாய்வு நடத்தின. ஒரே மாணவர் இரண்டிலும் இடம் பெற்று ஒன்றைக் கைவிடுவார். கைவிடப்பட்ட இடம் வகுப்புகள் தொடங்கிய பின்னரும் காலியாகவே கிடக்கும். இக்குறையை நீக்க 2015-இல் கூட்டு இடப் பங்கீட்டு ஆணையம் (ஜோசா) அமைந்தது. இன்று 120-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் இடங்கள் இதன்வழியே பங்கிடப்படுகின்றன.

ஜோசா பின்பற்றும் கணிப்புமுறையின் வேர், கேல், ஷேப்லி என்னும் இரு கணித அறிஞர்கள் 1962-இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ளது. மாணவர் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் நிறுவனம்-துறை இணைகளை வரிசைப்படுத்தித் தருகிறார். கணிப்பொறி அவரை முதல் விருப்பத்துக்கு விண்ணப்பித்தவராகக் கொள்கிறது. அங்குள்ள இடங்களின் அளவுக்கு, உயர்ந்த தரவரிசையினர் தற்காலிகமாக ஏற்கப்படுகின்றனர். ஏனையோர் தத்தம் இரண்டாம் விருப்பத்துக்குச் செல்கின்றனர். அங்கே ஏற்கெனவே ஏற்கப்பட்டவரைவிட இவர் தரவரிசையில் உயர்ந்தவராயின், முன்னவர் விலகி அடுத்த விருப்பத்துக்கு நகர்வார். மேலும் நகர்வதற்கு எவரும் இல்லாத நிலையில்தான் பங்கீடு உறுதியாகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்குரிய இடங்களும், 2018 முதல் ஐ.ஐ.டி.களில் பெண்களுக்கென உருவாக்கப்பட்ட கூடுதல் இடங்களும் தனித்தனி வரிசைகளாக இக்கணிப்பில் இடம்பெறுகின்றன.

இதிலிருந்து மாணவர் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. எட்டாத இடமொன்றை முதலில் எழுதுவதால், எட்டக்கூடிய இடம் கைநழுவுவதில்லை. "கிடைக்காததை எழுதி வாய்ப்பை வீணாக்காதே" என்று மூத்தோர் கூறும் அறிவுரை இம்முறையைப் பொறுத்தவரை முற்றிலும் தவறானது. அதற்குச் செவிசாய்த்து, நடுத்தரமான ஓர் இடத்தை முதலில் எழுதியவருக்கு அந்த இடமே கிடைக்கும். அதனினும் மேலானது தம் தரவரிசைக்கு எட்டியிருந்ததை அவர் பின்னரே அறிவார்.

முதற் சுற்றில் இடம் பெற்றவர் மூன்றில் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். 'ஃபிரீஸ்' என்றால் கிடைத்ததே போதும் என்பது பொருள். 'ஸ்லைடு' என்றால் அதே நிறுவனத்தில் மேலான துறை கிடைப்பின் ஏற்பார். 'ஃபுளோட்' என்றால் பட்டியலில் மேலே உள்ள எந்த இடத்தையும் ஏற்பார். அவசரப்பட்டு ஃபிரீஸ் கொடுப்போர் பின்சுற்றுகளின் பயனை இழக்கின்றனர்.

யாருடைய விருப்பம்?

இவ்வளவு நேர்மையான முறை, தன்னிடம் தரப்படும் விருப்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. பெரும்பாலான குடும்பங்கள் சென்ற ஆண்டின் இறுதித் தரவரிசைப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டே விருப்பங்களை எழுதுகின்றன. தரவரிசை இங்கே நாணயம் போலாகிறது. 900-ஆம் இடம் பெற்றவர் 3,000-ஆம் இடத்தினருக்கும் கிடைக்கும் குடிசார் பொறியியலை எழுதினால், கையிலுள்ள பணத்தை வீசியெறிந்ததாகச் சுற்றத்தார் கருதுகின்றனர். கணிப்பொறியியலைப் பலர் நாடுவதால் அதன் இறுதித் தரவரிசை கடினமாகிறது; கடினமாயிருப்பதாலேயே அடுத்த ஆண்டு மேலும் பலர் நாடுகின்றனர். தொடக்க ஊதியம் இதற்கு வலுவான காரணமே, ஐயமில்லை. ஆனால் பாலமும் நீர்வடிகாலும் கட்ட ஆர்வம் கொண்ட மாணவரை அத்துறையிலிருந்து விலக்குவதால் நாட்டுக்கு நேரும் இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை.

நெருக்கடியைக் குறைக்க இடங்களைப் பெருக்குவது மற்றொரு வழி. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, ஒரு துறையில் சேர்க்கத்தக்க மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை, 2024-25 கல்வியாண்டு முதல் உரிய வசதிகளும் நற்செயல்பாடும் உடைய கல்லூரிகளுக்கு நீக்கியது. கட்டடத்தையும் கருவிகளையும் ஓராண்டில் பெருக்கலாம்; தேர்ந்த ஆசிரியரை அவ்வாறு பெருக்கவியலாது. கற்பிக்க வல்லவரைத் தொழில்துறை இருமடங்கு ஊதியம் தந்து அழைத்துக்கொள்ளும் துறை இது. அனுமதி வழங்கும் அலுவலர்கள் வகுப்பறைகளை எண்ணுவதோடு ஆசிரியர் பட்டியலையும் நேரில் சரிபார்ப்பது நலம்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் இளநிலைப் படிப்பு வேறொரு பாதையில் செல்கிறது. இதற்கு ஜே.இ.இ. தேவையில்லை. விண்ணப்பித்தவர் நான்கு வாரப் பாடங்களை இணையவழி கற்று, அதே பாடங்களில் நடைபெறும் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். தேறியோர் எத்தனை பேராயினும் இடமுண்டு. கடுமை வாயிலில் இல்லாமல் பயிற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் அமைந்துள்ளது. வளாகத்தில் தங்கிப் பயிலும் நான்காண்டு பி.டெக். படிப்புக்கு இதை நிகராகக் கொள்ளவியலாது. ஆயினும் வேறொரு துறையில் பி.டெக். பயின்றுகொண்டே இதையும் தொடர்வோர் உள்ளனர்.