ஏறாமலே மதில் கடக்கும் துகள்



எறிபந்து ஆடும்போது பந்து மதிலுக்கு அப்பால் போய்விட்டால் நாம் படும் பாடு கொஞ்சமா? மேலே எழும்ப எழும்பப் பந்தின் வேகம் குறைகிறது. அதன் இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது. 3 மீட்டர் மட்டுமே எழும்பக்கூடிய பந்தை ஆயிரம் முறை வீசினாலும் அது 4 மீட்டர் மதிலைத் தாண்டாது. இது நாம் வகுப்பில் கற்ற பாடம்.

அணுவின் உலகிலோ இப்பாடம் சற்று மாறுகிறது. யுரேனியம்-238 அணுக்கரு ஆல்பா துகளை வெளியிடுவதைப் பார்ப்போம். கருவினுள் அணுக்கரு விசை துகள்களை ஈர்த்துப் பிணைத்திருப்பதால், அங்கே ஆல்பா துகளின் நிலை ஆற்றல் கிணற்றின் அடிபோல் தாழ்ந்திருக்கிறது. கருவின் விளிம்பிலோ, நேர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால், நிலை ஆற்றல் ஒரு மதிலாக உயர்ந்து, பின்பு வெளிப்புறமாகச் சரிகிறது. வெளிவரும் துகளின் ஆற்றல் ஏறத்தாழ 42 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட். மதிலின் உச்சியோ அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்! பிறகு எப்படி வெளியே வந்தது?

விடையை 1928-இல் ஜார்ஜ் காமோவ் கண்டார். அதே ஆண்டில் கர்னி, காண்டன் என்னும் இருவரும் தனியே அதே முடிவுக்கு வந்தனர். 1926-இல் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாட்டில், ஒவ்வோர் இடத்திலும் உள்ள நிலை ஆற்றலை இட்டால், துகளுக்குரிய அலையின் வடிவம் கிடைக்கிறது. அந்த அலை மதிலருகே சட்டென்று நின்றுவிடுவதில்லை. மதிலுக்குள் தேய்ந்துகொண்டே சென்று, மிகச் சிறிதளவு அப்பாலும் எஞ்சுகிறது. அடுத்த அறையின் பாட்டு சுவர் வழியே மெல்லக் கேட்பதுபோல என்று சொல்லலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. துகள் பாதியாகத் தேய்ந்து வருவதில்லை, முழுமையாகவே வருகிறது. தேய்வது, அது வெளிவருவதற்கான வாய்ப்புத்தான். இதனைச் சுரங்க விளைவு என்பர்.

மதிலின் உயரமும் தடிப்பும் சிறிது மாறினாலும் அந்த வாய்ப்புப் பெரிதும் மாறிவிடும். யுரேனியம்-238-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். பொலோனியம்-212 வெளியிடும் ஆல்பா துகளுக்கு ஏறத்தாழ 88 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், அதாவது இரு மடங்குதான். ஆகவே அது கடக்க வேண்டிய மதில் மெலிது. அதன் அரை ஆயுட்காலமோ ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இது ஏட்டுப் புதுமை மட்டுமன்று. சூரியனின் மையத்தில் வெப்பம் ஏறத்தாழ 1.5 கோடி பாகை. அந்த வெப்பத்திலும், ஒன்றையொன்று விலக்கும் புரோட்டான்களால் தம்மிடையே உள்ள மதிலின் உச்சியை எட்ட முடியாது. அதை ஊடுருவித்தான் அவை இணைகின்றன. அவ்வாறு இணையும் வாய்ப்பு மிகக் குறைவாக இருப்பதால் சூரியன் ஒரே நாளில் எரிந்து தீராமல், கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிதானமாக ஒளிர்கிறது.

நாளைக் காலை வெயில் முகத்தில் படும்போது, தோழியரே, அந்த மதிலை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.